உடலைப் பார்க்காத நோட்டுப் புத்தகம்

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளி, தென்பெண்ணை ஆற்றில் தீர்த்தவாரி காண்பார். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் பொங்கல் விடுமுறையை அந்த ஆற்றுத் திருவிழா வரை நீட்டிக்கொண்டு ஊரில் தங்குவது வழக்கம். அப்படி வந்திருந்த ஒரு மாணவி, தன் உடற்கூறியல் ரெக்கார்டு நோட்டுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவி. நான் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்து, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்த வருத்தத்தைச் சொல்ல வந்திருந்தார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று ஒவ்வொரு படமும் அச்சிட்டதுபோல் இருந்தது. ஒரு பக்கம்கூட ஆசிரியரின் கையொப்பம் இல்லாமல் இல்லை. “இதை மூடி வைத்துவிட்டு, உன் முழங்கையின் முன்பக்கக் குழியில் தமனி எங்கே ஓடுகிறது என்று தொட்டுக் காட்டம்மா” என்றேன். அவருடைய விரல் குழியின் நடுவில் சென்று நின்றது. பிறகு வெளிப்புறம் நகர்ந்தது. மீண்டும் உட்புறம் வந்தது. “எல்லாத்தையும் எழுதியிருக்கேன் தாத்தா. ஆனா உடம்புக்கு முன்னால போய் நின்னா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது” என்றார்.

அந்தச் சொற்கள் என்னைத்தான் குத்தின. இத்தகைய நோட்டுகளில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் கையொப்பமிட்டவன் நான். படம் சரியாக இருக்கிறதா, பெயர்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேனே தவிர, அந்தப் படம் உடலைப் பார்த்து வரையப்பட்டதா, புத்தகத்தைப் பார்த்து வரையப்பட்டதா என்று ஒருபோதும் கேட்டதில்லை. முழங்கைக் குழி என்பது தேர்வுக் கேள்வி மட்டுமன்று. இரத்தம் எடுக்கவும், ஊசி ஏற்றவும், இரத்த அழுத்தம் பார்க்கவும் மருத்துவர் நாள்தோறும் கை வைக்கும் இடம். அங்கே தடுமாறும் விரல், இன்னும் சில ஆண்டுகளில் ஒரு நோயாளியின் கையில் தடுமாறும்.

மாணவர்கள் குறிப்பெடுப்பது நல்ல பழக்கம் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் எப்போது, எதைப் பார்த்து, எதற்காக எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது கற்றலுக்குத் துணையாகவோ தடையாகவோ ஆகிறது. இந்த வேறுபாடு வேறெந்த வகுப்பைக் காட்டிலும் உடல் அறுவைக் கூடத்தில்தான் பளிச்செனத் தெரிகிறது. ஏனெனில் அங்கே பாடம் கரும்பலகையில் இல்லை. மேசையின் மீது கிடத்தப்பட்டிருக்கிறது.

நூலை நம்பிய கண்கள்

இந்தச் சிக்கல் புதிதன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து நூலை வாசிப்பார். கீழே ஒருவர் உடலை அறுப்பார். மாணவர்கள் நூல் சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள். பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் சொன்னவையே முடிந்த முடிபாக இருந்தன. விலங்குகளின் உடலை ஆராய்ந்து எழுதிய அவர், மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கூறியிருந்தார். நூற்றாண்டுகளாக அறிஞர்கள் அதைப் படி எடுத்துக்கொண்டே வந்தார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, பாக்தாதைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அங்கே குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்வையிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தபின், கீழ்த்தாடை ஒரே எலும்புதான், அதில் இணைப்பு எதுவும் இல்லை என்று எழுதிவைத்தார். நூலைவிடக் கண்ணே நம்பத்தக்க சான்று என்பது அவர் முடிவு. ஆயினும் ஐரோப்பாவின் வகுப்பறைகளில் பழைய பாடமே தொடர்ந்தது. 1543இல் வெசாலியஸ் தம் பெருநூலை வெளியிட்ட பிறகே காலெனின் பிழைகள் பரவலாக விவாதிக்கப்பட்டன. பீடத்திலிருந்து இறங்கி, தம் கையாலேயே அறுத்துக் காட்டியதுதான் வெசாலியஸ் செய்த புரட்சி.

அந்த நூல் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1540இல், இத்தாலியின் பொலோனியா நகரில் அவர் உடலை அறுத்துக் காட்டியபோது கூட்டத்தில் ஹெசலர் என்ற மாணவர் இருந்தார். அவர் எடுத்த குறிப்புகள் ஸ்டாக்ஹோம் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1959இல் அச்சேறின. கூர்சியஸ் என்ற மூத்த பேராசிரியர் நூலின்படி விரிவுரை ஆற்ற, வெசாலியஸ் உடலில் காட்டிய இடங்கள் அதனோடு முரண்பட்டன. இருவரும் மாணவர்கள் முன்னிலையிலேயே மோதிக்கொண்டனர். ஹெசலர் அந்த மோதலையும் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் குறிப்பு உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்: சொல்லப்பட்டதோடு அது நிற்கவில்லை, காணப்பட்டதும் அதில் இருக்கிறது.

இன்று நம் அறுவைக் கூடங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து, இருபது மாணவர்கள். ஒருவர் கன்னிங்ஹாம் கையேட்டை உரக்க வாசிப்பார். இருவர் கத்தியும் இடுக்கியும் பிடித்திருப்பார்கள். முன்வரிசையில் நிற்கும் நான்கைந்து பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஆசிரியர் வாயிலிருந்து வரும் சொற்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். வெசாலியஸ் இறங்கி வந்த பீடத்தில் நாம் மீண்டும் ஏறி அமர்ந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

குறிப்பெடுத்தலுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்று 1972இல் டி வெஸ்டா, கிரே என்னும் கல்வி உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். எழுதும் செயலே செய்தியை மனத்தில் பதியவைப்பது ஒன்று. எழுதிய தாள் பிறகு புரட்டிப் பார்க்கும் கையிருப்பாக இருப்பது மற்றொன்று. நம் ரெக்கார்டு நோட்டு இரண்டாவது பயனுக்காக மட்டுமே வாழ்கிறது. அதிலும் பெரும்பாலும் தேர்வாளரிடம் காட்டுவதற்காக.

பேனாவால் எழுதுவது நல்லதா, மடிக்கணினியில் தட்டச்சிடுவது நல்லதா என்ற விவாதம் 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரின் ஆய்வுக்குப் பின் சூடுபிடித்தது. தட்டச்சிட்டவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள்; கருத்தைப் புரிந்து விடையளிக்க வேண்டிய கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அந்த ஆய்வு. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே பேனாவா, விசைப்பலகையா என்பது இங்கே பெரிய செய்தி அன்று. கேட்டதை அப்படியே படியெடுக்கிறோமா, தன் மனத்தில் வாங்கித் தன் சொல்லில் எழுதுகிறோமா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பேனாவாலும் சிந்திக்காமல் படியெடுக்கலாம். எங்கள் ஊர் மாணவியின் நோட்டே சான்று.

இதைவிட உறுதியான முடிவு ஒன்று உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தரப்பினர் அதையே மறுமுறை படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடங்களில் சோதித்தபோது மறுமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 விழுக்காடும், மறுமுறை படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். உடனடியாகக் கிடைக்கும் நிறைவு நம்மை ஏமாற்றுகிறது என்பதே இதன் பொருள். அழகான நோட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். மூடினால் கலைந்துவிடும்.

படம் வரைவதற்கும் இது பொருந்தும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிப் பார்த்த சொற்களைவிட, அவை குறிக்கும் பொருளைப் படமாக வரைந்த சொற்களே நினைவில் கூடுதலாகத் தங்கின. ஆனால் அங்கே பங்கேற்றவர்கள் வரைந்தது தம் மனத்தில் தோன்றிய உருவத்தை. அட்லசில் உள்ள படத்தை அன்று. படியெடுப்பவரின் கண், கோட்டின் வளைவைப் பார்க்கிறது. அந்தக் கோடு எதன் மீது, எதன் அடியில் ஓடுகிறது என்று கேட்பதில்லை.

கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். அருங்காட்சியகம் ஒன்றில் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், படம் பிடித்த பொருள்களை, வெறுமனே பார்த்த பொருள்களைக் காட்டிலும் குறைவாகவே பார்வையாளர்கள் நினைவில் வைத்திருந்தனர். கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது. அறுவைக் கூடத்தில் படம் எடுப்பதை இறந்தவருக்குரிய மரியாதை கருதியே விலக்குகிறோம். கற்றலின் பொருட்டும் அது விலக்கத்தக்கதே.

தட்டையான படமும் ஆழமான உடலும்

முழங்கைக் குழிக்கே திரும்புவோம். வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகப் பைசெப்ஸ் தசைநாண், பிரேக்கியல் தமனி, மீடியன் நரம்பு என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன. மாணவர்கள் இதைச் சூத்திரம்போல் மனப்பாடம் செய்திருப்பார்கள். நோட்டில் அவை மூன்று வண்ணக் கோடுகள். உடலில் அப்படி இல்லை. மேற்கையில் தமனிக்கு வெளிப்புறம் இருந்த நரம்பு, நடுக்கையில் அதைக் கடந்து உட்புறம் வருகிறது. குழியில் தமனியும் நரம்பும் ஆழத்தில் இருக்க, இரத்தம் எடுக்கும் சிரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே பைசெப்சிலிருந்து விரியும் மெல்லிய நார்ப்படலம் தடுப்பாக நிற்கிறது. அந்தப் படலத்தை இடுக்கியால் தூக்கிப் பார்த்தவனுக்கு, ஊசியை எவ்வளவு ஆழம் செலுத்தலாம் என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

நூறில் சிலருக்கு இந்த ஒழுங்கும் மாறியிருக்கும். பிரேக்கியல் தமனி வழக்கமான இடத்துக்கு மேலேயே பிரிந்து, அதன் கிளை ஒன்று தோலுக்கு மிக அருகில் ஓடக்கூடும். அதைச் சிரை என்று எண்ணி மருந்தைச் செலுத்தினால் கை விரல்களையே இழக்க நேரிடலாம். பித்தப்பைக்குச் செல்லும் தமனியும், சிறுநீரகத் தமனிகளின் எண்ணிக்கையும்கூட ஆளுக்கு ஆள் மாறுபடும். அறுவை மருத்துவர் அஞ்சுவது இத்தகைய மாறுபாடுகளைத்தான். பாடநூல் பெரும்பான்மையைச் சொல்கிறது. மேசையில் இருப்பவரோ தனி ஒருவர். நூலைப் பார்த்து வரைந்த நோட்டில் எல்லா உடல்களும் ஒன்றுபோலவே இருக்கும். உடலைப் பார்த்து எழுதிய நோட்டில்தான், “நூல் இப்படிச் சொல்கிறது, எங்கள் மேசையில் இப்படி இல்லை” என்ற வரி வரும். ஒரு மருத்துவரை உருவாக்கும் வரி அதுவே.

ஏன் படியெடுக்கிறார்கள்?

மாணவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் படியெடுப்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டு முடிக்கப்பட்டுக் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. படம் அழகாக இருந்தால் நல்ல பெயர். தப்பாக வரைந்து திருத்தினால் “சுத்தமாக எழுதிக்கொண்டு வா” என்ற கட்டளை. தவறு செய்யும் இடத்தையே நாம் தண்டனைக்குரிய இடமாக ஆக்கிவிட்டோம்.

மொழி இன்னொரு காரணம். புதிய மாவட்டங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இயங்குகிறது. கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகளும் தென்பெண்ணைக் கரைப் பிள்ளைகளும் வெள்ளை அங்கி அணியும் காலம் இது. தமிழ்வழியில் பயின்றவர் முதல் மாதத்திலேயே இலத்தீன், கிரேக்க வேர்கொண்ட சொற்களின் வெள்ளத்தில் நிற்கிறார். புரியாத சொல்லை எழுதிக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேனாவைப் பற்றிக்கொள்கிறார். நோட்டு அவருக்கு ஒரு தெப்பம். அதைப் பிடுங்கினால் மூழ்கிவிடுவோம் என்ற அச்சம் நியாயமானது.

இதற்கு விடை தமிழில் இருக்கிறது என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் உணர்ந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்கள் ஊர்களில் தங்கி மக்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காக உடற்கூறியல் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். கிரேயின் பெருநூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வெளிவந்தது. இன்று தேர்வும் தொழிலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலச் சொற்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் உடலைப் பார்க்கும் கண்ணுக்கு மொழித்தடை தேவையில்லை. “நரம்பு தமனிக்கு முன்னால் குறுக்கே போகிறது” என்று முதலில் தமிழில் எழுதட்டும். பெயர்களை அடுத்து ஏற்றிக்கொள்ளலாம். இடமே தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது, ஆளைப் பார்க்காமல் முகவரியை மனப்பாடம் செய்வதற்கு ஒப்பாகும்.

செய்யத்தக்கவை

பெரிய செலவோ புதிய கட்டடமோ தேவையில்லாத சில மாற்றங்களை முன்வைக்கிறேன். அறுவைக்கு முதல் நாள் மாணவர் அந்தப் பகுதியைப் படித்து, மேசையில் தேடிப் பார்க்க வேண்டிய மூன்று கேள்விகளை மட்டும் எழுதி வரட்டும். அறுவைக் கூடத்தில் முதல் ஒரு மணி நேரம் பேனாவுக்கு ஓய்வு கொடுக்கட்டும். வாசிப்பவர், அறுப்பவர், பார்ப்பவர் என்ற பொறுப்புகள் நாள்தோறும் மாறட்டும். பின்வரிசையில் நிற்பவரும் கையுறை அணிந்து தொட்டுப் பார்க்கும் முறை வரவேண்டும்.

பிறகு கையைக் கழுவிவிட்டு, எந்த நூலும் இல்லாமல், பத்து நிமிடம் நினைவிலிருந்து வரையட்டும். பெயர் மறந்த இடத்தில் கேள்விக்குறி போடட்டும். அந்தத் தாளுடன் மீண்டும் மேசைக்கு வந்து, உடலோடு ஒப்பிட்டு, வேறு நிற மையால் திருத்தட்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை மூடிய நோட்டுடன் வரையட்டும். இந்தத் திருத்தங்கள்தாம் ரெக்கார்டு. ஆசிரியர் மதிப்பெண் அளிக்க வேண்டியது இவற்றுக்கே. மேசையில் கண்ட மாறுபாடுகளுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கலாம். 2019இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், மனப்பாடத்தைவிடச் செய்திறனை முதன்மைப்படுத்துகிறது. அதன் நோக்கத்துக்கு இது முற்றிலும் உகந்தது.

ஆசிரியர் பற்றாக்குறையும் மாணவர் எண்ணிக்கையும் இதற்கு இடம் தருமா என்ற கேள்வி எழும். நூற்றைம்பது அழகான படங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட நாங்கள் செலவிட்ட மாலைகளை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பாதியை மேசையருகே செலவிட்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும். எழுதி வைத்த கையிருப்பு தேர்வுக் காலத்தில் தேவைதானே என்பார்கள். தேவைதான். அந்தக் கையிருப்புக்கு அச்சிட்ட அட்லஸ் இருக்கிறது. அதை மீண்டும் கையால் செய்ய ஓர் இளைஞரின் இரவுகளைச் செலவிட வேண்டியதில்லை.

இதில் அறக் கடமையும் அடங்கியிருக்கிறது. மேசையில் கிடப்பவர் ஒரு காலத்தில் யாருக்கோ தாயாகவோ தந்தையாகவோ இருந்தவர். மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடல் 2010இலும், சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இலும் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டன. பெயர் தெரியாத எத்தனையோ பேர், உறவினரின் மனத்தடையையும் மீறித் தம் உடலை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தகனத்தையும் அடக்கத்தையும் துறந்து அவர்கள் கொடுத்தது, பார்க்கப்படுவதற்காகத்தான். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு நோட்டைப் பார்த்துக் குனிந்திருப்பது, விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் கட்டுச்சோற்றைப் பிரிப்பது போன்றது.

அன்று திண்ணையில் அந்த மாணவியிடம் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்தேன். நோட்டில் அன்று, அவருடைய முழங்கையின் மீதே தமனியை வரையச் சொன்னேன். வரைந்தார். பைசெப்ஸ் தசைநாணுக்கு வெளிப்புறமாகக் கோடு சென்றது. சரியா, தவறா என்று நான் சொல்லவில்லை; விரலை வைத்து நாடி துடிக்கும் இடத்தைத் தேடச் சொன்னேன். சிறிது நேரம் தடவினார். தசைநாணுக்கு உட்புறம் வந்ததும் விரல் நின்றது. ஈரத்துணியால் பழைய கோட்டை அழித்துவிட்டு, துடிப்பின் மீதே புதிய கோட்டை இழுத்தார். கையொப்பம் கேட்கவில்லை. அடுத்து, தன் தம்பியை அழைத்து அவன் கையிலும் துடிப்பைத் தேடத் தொடங்கினார்.